உகந்தைமலை யாத்திரிகர் தொண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிருவாக சபையினரே, அங்கத்தவர்களே,

திருக்கோவில் பிரதேசத்திலிருந்து உகந்தைமலைக்குத் தொண்டாற்றிவரும் எமது சபையின் கடந்த ஆண்டுச் செயற்பாடுகளை இப்பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். நிருவாக சபைக் கூட்டங்கள் வழமைபோல் நடைபெற்றன. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஆகவே இவ்வறிக்கையின் பெரும்பகுதி ஆடி உற்சவ காலத்தைப் பற்றியதே.

இவ்வாண்டு இளைஞர் பலர் புதிதாகச் சேர்ந்திருப்பதால், தெரிந்த செய்திகள் சிலவற்றை மீண்டும் பதிவு செய்கிறேன். பாணமைக்குத் தெற்கே, 2006 வரை யால கிழக்கு என்று அழைக்கப்பட்ட குமண தேசிய பூங்காவின் வாயிலருகில், உகந்தைமலை எனும் கடலோரப் பாறைக் குன்றின் அடிவாரத்தில் முருகன் கோயிலும் மேலே வள்ளியம்மன் கோயிலும் அமைந்துள்ளன. சூரனை அழித்த வேலின் கதிர்கள் உகந்தைமலை, திருக்கோவில், மண்டூர் ஆகிய தலங்களில் தங்கின என்பது கிழக்கிலங்கையின் ஐதீகம். எனவே அம்மலையை நாம் கதிர்காமம் செல்லும் வழியிலுள்ள ஒரு தங்குமிடமாக மட்டும் கருதுவதில்லை. முருகனும் வள்ளியும் கல்லோடத்தில் வந்திறங்கினர் என்று பெரியோர் சொல்லிக் காட்டும் பாறைகளும் அக்கரையிலேயே உள்ளன.

கதிர்காமத்தில் கொடியேறும் காலத்திலேயே உகந்தையிலும் கொடியேறி, உற்சவம் கடற்தீர்த்தத்துடன் நிறைவுறுகிறது. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து திருகோணமலை, மட்டக்களப்பு வழியாக வாரக்கணக்கில் நடந்துவரும் சாமிமார் எனப்படும் யாத்திரிகர்கள், கதிர்காமத்துக்கான காட்டுப்பாதை திறக்கும்வரை உகந்தையில் தங்குகின்றனர். யுத்தத்தால் தடைப்பட்டிருந்த இந்த யாத்திரை 1988இல் மீண்டும் தொடங்கப்பட்டதிலிருந்து, காட்டு வழி மூடப்பட்டிருந்த ஆண்டுகளைத் தாண்டி, இன்று பெருங்கூட்டமாக வளர்ந்துள்ளது. கூட்டம் வளர்ந்த அளவுக்கு அங்கே தண்ணீர் வளரவில்லை என்பதே இவ்வாண்டு நாம் கண்ட முதன்மையான குறை.

எமது கரைக்கு மழை தருவது மார்கழியை ஒட்டிய வாடைக்காலம். யாத்திரை நடப்பதோ கச்சான் வீசும் வறட்சிக் காலம். மலையிலுள்ள சுனைகள் புனிதமானவை, ஆனால் பெருங்கூட்டத்தின் குடிநீர்த் தேவைக்கு அவை போதா. அச்சுனைகளில் சவர்க்காரமிட்டுக் குளிப்பதைத் தடுக்க எமது தொண்டர்கள் படியோரத்தில் முறைவைத்து நின்றனர். பக்தர்களுடன் வாக்குவாதம் வராமல் பார்த்துக்கொண்ட அவர்களின் பொறுமை தனிப் பாராட்டுக்குரியது. அடிவாரத்தில் தாங்கிகள் வைத்து பவுசர் மூலம் நீர் நிரப்பினோம். பாணமையிலிருந்து வரும் கிரவல் வீதியில் வாகனம் தாமதமான நாட்களில் தாகசாந்திப் பந்தல் வெறுமையாகவே இருந்தது.

காட்டினுள் நிலைமை இன்னும் கடினமானது. கும்புக்கன் ஆற்றில் நீர் வற்றியிருந்தால் மணலில் ஊற்றுத் தோண்டியே யாத்திரிகர்கள் நீர் எடுக்க வேண்டும். ஆற்றைக் கடந்து வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என யால காட்டினூடாகச் செல்லும் வழியில் முதியவர்களும் பிள்ளைகளும் படும் அவதியை உடன் நடந்த எமது அங்கத்தவர்கள் நேரில் கண்டு வந்துள்ளனர்.

இதே வேளையில் அடிவாரத்தில் நிலவியது வேறொரு காட்சி. அருகருகே பல பந்தல்களில் ஒரே வேளைக்குச் சோறு சமைக்கப்பட்டது. உண்பாரின்றி மீந்ததைக் காட்டோரம் கொட்டினார்கள். அது காட்டுப்பன்றியையும் யானையையும் மக்கள் தங்கும் இடத்துக்கு அழைக்கும் செயலாகும். அன்னதானம் பெரும் புண்ணியம் என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. ஆயினும் பக்கத்துப் பந்தலில் என்ன சமைக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு உலை வைத்திருந்தால் அதில் பாதி வீணாகியிராது. லஞ்ச் சீற்றுகளும் குடிநீர்ப் போத்தல்களும் வள்ளியம்மன் மலைவரை சிதறிக் கிடந்தன. தீர்த்தத்துக்கு மறுநாள் நடந்த சிரமதானத்தில் எமது இளைஞர்களும் மகளிர் அணியினரும் அவற்றைச் சேர்த்து உழவு இயந்திரத்தில் வெளியே கொண்டுவந்தனர்.

ஏனையவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன். முதலுதவிக் கூடாரத்துக்குப் பெரும்பாலும் பாதக் கொப்புளங்களுடனேயே சாமிமார் வந்தனர். பெண்களுக்கான தற்காலிக மலசலகூடங்கள் போதவில்லை. காட்டுப்பாதை திறக்கும் திகதி முற்கூட்டியே அறிவிக்கப்பட்டால், தொலைவிலிருந்து நடந்துவருவோர் பயணத்தைத் திட்டமிட முடியும் என்ற கோரிக்கையை எழுத்தில் அனுப்பவுள்ளோம்.

நிருவாக சபை இக்கூட்டத்தின் முன் ஒரு பிரேரணையை வைக்கிறது. வரும் உற்சவத்தில் எமது மதிய அன்னதானத்தை நிறுத்திக் காலைக் கஞ்சியை மட்டும் தொடர்வது. அதனால் மிஞ்சும் நிதியை நீர்த்தாங்கிகளுக்கும் பவுசர் வாடகைக்கும் பெண்களுக்கான மலசலகூடங்களுக்கும் ஒதுக்குவது. காட்டுக்குள் புகும் சாமிமாருக்கு, போத்தல் நீருக்குப் பதிலாக அவரவர் கொண்டுவரும் கான்களில் நீர் நிரப்பிக் கொடுப்பது. தொடக்க காலம் முதல் மதியச் சமையலைப் பொறுப்பேற்றுவரும் மூத்த அங்கத்தவர்கள் சிலருக்கு இதில் உடன்பாடில்லை. அவர்கள் தமது கருத்தைக் கூறிய பின்னர் வாக்கெடுப்பு நடைபெறும்.

செயலாளர்