டர்ஹாமில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

டர்ஹாம் பேராலயத்தில், பெரிய பீடத்துக்குப் பின்னால், பெயர் மட்டும் வெட்டிய கல்லின் கீழ் அடங்கியிருக்கும் புனித கத்பர்ட் யாரென்று கேட்டிருந்தாய். எனக்கு மிகவும் பிடித்த புனிதரைப் பற்றி நீயே கேட்டதில் மனம் நிறைந்துவிட்டது.

651ஆம் ஆண்டில் ஓர் இரவு, ஆட்டு மந்தைக்குக் காவலிருந்த இளைஞரான அவர், ஆயர் எய்டனின் ஆன்மாவை வானதூதர்கள் விண்ணகத்துக்கு ஏந்திச் செல்வதைக் காட்சியாகக் கண்டார் என்று, அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஆங்கிலேயத் துறவி பீட் எழுதியிருக்கிறார். அதன்பின் மெல்ரோஸ் மடத்தில் துறவியானார். பிற்பாடு லிண்டிஸ்பார்ன் தீவிலிருந்த மடத்தில் பொறுப்பேற்றார். 676இல் எல்லாவற்றையும் விட்டு, ஆளில்லாத பார்ன் தீவுக்குப் போய், கல்லாலும் புல்மண்ணாலும் வட்டமாகச் சுவர் எழுப்பினார். வானத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படக்கூடாது என்பதற்காக உள்ளே தரையையும் தோண்டித் தாழ்த்தினார். கோதுமை முளைக்கவில்லை, பருவம் தப்பி விதைத்த வாற்கோதுமை விளைந்து அவருக்குச் சோறு போட்டது.

684இல் ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, கடிதத்துக்கும் தூதருக்கும் அவர் இசையவில்லை; நார்தம்பிரியா நாட்டு மன்னர் எக்ஃப்ரித் தாமே படகேறி வந்து முழந்தாளிட்டு மன்றாடிய பிறகுதான் கண்ணீரோடு வெளியே வந்தார். அத்தனை ஆசையாய்த் தனிமையைத் தேடியவர், தேடாமல் வந்த பொறுப்பை ஒப்புக்குச் செய்யவில்லை என்பதுதான் அவர்மேல் எனக்குள்ள பற்றுக்குக் காரணம். 685ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளில் யார்க்கில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டவர், கொள்ளைநோய் கண்ட ஊர்களுக்குத் தாமே போனார். ஓர் ஊரில் எல்லாரையும் சந்தித்த பிறகும், "இன்னும் யாராவது இருக்கிறார்களா?" என்று குருவிடம் கேட்டார். ஒரு மகனைப் பறிகொடுத்து, உயிர் ஊசலாடும் இன்னொரு மகனைக் கையில் ஏந்தி அழுதுகொண்டிருந்த தாய் ஒருத்தியைக் குரு காட்டினார். கத்பர்ட் அவள் அருகில் சென்று, நோய் தொற்றும் என்று ஒதுங்காமல், பிள்ளையை முத்தமிட்டு ஆசீர்வதித்து, இவன் பிழைப்பான், இனி உன் வீட்டில் சாவு விழாது என்றார், அப்படியே ஆயிற்று. பிள்ளை பெற்றவன் என்பதாலோ என்னவோ, இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

தம் முடிவு நெருங்குவதை உணர்ந்து, 686 கிறிஸ்துமஸுக்குப் பின் அவர் பார்ன் தீவுக்கே திரும்பினார். புயலால் ஐந்து நாள் படகு வர முடியவில்லை. ஆறாம் நாள் வந்த லிண்டிஸ்பார்ன் மடாதிபதி ஹெரெஃப்ரித்திடம், படுக்கை விரிப்பைத் தூக்கி ஐந்து வெங்காயங்களைக் காட்டினார். அவ்வளவு நாளும் அதுதான் ஆகாரம். அதிலும் ஒன்று மட்டுமே, பாதிகூட அல்ல, கடிபட்டிருந்தது. 687 மார்ச் 20 அன்று இறைவனடி சேர்ந்தார்.

விடுமுறையில் லிண்டிஸ்பார்னுக்குப் போனால் எனக்காகவும் ஜெபித்துக்கொள். தீவுக்குப் போகும் சாலை நாளுக்கு இருமுறை கடலில் மூழ்கிவிடும். ஏற்ற நேரத்தை விசாரித்துக்கொண்டு கிளம்பு, அம்மா.

அன்புடன்,
அப்பா