தண்ணீர் விஷயமாக

சார்லட்,
மார்ச் 29

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஒன்பது நாளாக நான் அனுப்புகிற செய்திக்கெல்லாம் ஒரு கட்டைவிரல் படம்தான் பதிலாக வருகிறது. போனை எடுப்பதில்லை. அதனால் தாளில் எழுதுகிறேன், தமிழிலேயே எழுதுகிறேன். எட்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளிக்குக் கார் ஓட்டியவன் நான், எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவாய். மெதுவாகப் படி. அவசரமில்லை.

பதினொரு மணிக்குள் படுத்துவிடு. ஆய்வுக்கூடத்தில் எத்தனை வேலை இருந்தாலும் சரி, பதினொரு மணி. பருப்புப்பொடி தீர்ந்துவிட்டதா, போன தடவை போல டப்பா திறக்காமலே திரும்பி வரப்போகிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. பைன் மகரந்தம் கொட்டத் தொடங்கிவிட்டது, கார் முழுக்க மஞ்சள் பூசியது போல இருக்கிறது. ஊரில் ஆயாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். தாத்தா வாராவாரம் "பாப்பாவின் தண்ணீர்ப் பரீட்சை என்ன ஆயிற்று?" என்று கேட்கிறார். "நடக்கிறது" என்கிறேன். வேறு என்ன சொல்ல?

போன கோடையில் உன் ஆய்வுக்காக ஊரிலிருந்து அந்தத் தண்ணீரை நான் கொண்டுவந்தது நினைவிருக்கிறதா? அதில் இருக்கிற ஃப்ளோரைடு கண்ணாடியோடு சேரும், பிளாஸ்டிக் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும் என்று நீ மூன்று தடவை சொன்னாய். தாத்தா இரண்டு பாட்டில் பிடித்து, மூடியைச் சுற்றி மாட்டுக்கயிறு கட்டி, யாரும் எடுத்துக் குடித்துவிடக் கூடாதென்று மேலே "விஷம்" என்று எழுதியிருந்தார். விமானத்தில் அதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர முடியுமா! தாளைக் கிழித்துவிட்டு என் வேட்டிகளுக்கு நடுவே சுருட்டி வைத்தேன். அத்தனை வருடம் அவர்கள் குடித்த தண்ணீர் அது.

தாத்தா கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து, அவருக்கு ரொம்ப வெட்கம் என்று சின்ன வயதில் சொல்வாய். பற்களில் இருக்கிற காவி நிறக் கோடுகளை மறைக்கத்தான் மூடுகிறார் என்று நான் சொல்லவேயில்லை. என் முன்பற்கள் இரண்டும் இந்த ஊரில் போட்ட உறை என்பதையும் நீயேதான் கண்டுபிடித்தாய். இந்த நாட்டில் 1945இல் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்தில் தொடங்கி, பல்லுக்கு நல்லதென்று பல ஊர்களில் குடிநீரில் ஃப்ளோரைடைக் கலக்கிறார்கள், இப்போது லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். அதே பொருள் 1.5ஐத் தாண்டியதால் நம் தர்மபுரியில் பல்லும் எலும்பும் போகின்றன. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி உன் கேப்ஸ்டோன் ஆய்வுக்கு இதுதான் தலைப்பு என்று காட்டினாயே, அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. ஆபீசில் நாலு பேரிடம் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

இவ்வளவு செய்கிற பெண்ணுக்கு அப்பனுக்கு ஒரு வரி எழுத முடியவில்லையா? பதினாறு வயதில் உன்னை விடுதியில் விட்டுவிட்டு வந்தபோது அம்மா கார் நிறுத்துமிடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அதற்காகவாவது.

சரி, விடு. ஏப்ரல் 30க்குள் கட்டுரையைச் சமர்ப்பிக்க வேண்டும் என்று தெரியும். 5,000 வார்த்தைக்குள் எழுத வேண்டும். ஏபி ரிசர்ச் பாடத்தில் கட்டுரைக்கு 75 சதவீதம், மேடையில் பேசிக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு 25 என்று நீதான் சொன்னாய். கேள்வி கேட்கிறவர்கள் எப்படி அளந்தாய், என்ன கரைசல் சேர்த்தாய் என்றெல்லாம் குடைவார்கள். அப்போது தடுமாறக் கூடாது. அதற்குத்தான் தூக்கம் வேண்டும் என்கிறேன். பதினொரு மணி.

பாப்பா, நான் சுற்றி வளைக்கிறேன்.

அன்றைக்குப் போனில் நீ அழாத குறை. படிகாரம் ஏற்றிய கொட்டாங்கச்சிக் கரி தண்ணீரிலிருந்து 91 சதவீதம் ஃப்ளோரைடை எடுத்துவிட்டது என்று முதல் அட்டவணை போட்டிருந்தாய். பிறகுதான் பிடிபட்ட ஃப்ளோரைடை விடுவிக்கிற அந்த டிசாப் கரைசலைச் சேர்க்காமல் அளந்துவிட்டோம் என்று தெரிந்து மறுபடி அளந்தால் 48. படிகாரத்திலிருந்து கரைந்த அலுமினியம் ஃப்ளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அளக்கிற மின்முனைக்குத் தனியாக நிற்கிறது மட்டும்தான் தெரியும் என்றாய். "அது தண்ணீரை விட்டுப் போகவேயில்லை அப்பா, ஒளிந்துகொண்டிருக்கிறது."

வேதியியல் படித்தவன் நான். அந்த ஒரு வாக்கியத்துக்கு உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன்? தெரிந்த வீட்டுப் பையன் ஒருவன் ரீஜெனெரான் அறிவியல் போட்டியில் 300 பேர் பட்டியலில் வந்துவிட்டான் என்றேன். முதல் அட்டவணையையே வைத்துக்கொள்ளேன், யார் பார்க்கப்போகிறார்கள் என்றேன். நீ "சரிப்பா" என்று வைத்துவிட்டாய்.

அந்த "சரிப்பா" எந்தச் சரி என்று ஒன்பது நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் ஆய்வுக்கூட உதவியாளர் என் காதில் உப்பின் பெயரைச் சொன்ன கதையை நம் வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறீர்கள். இனிமேல் எழுதப்போவதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

1994. பட்டம் வாங்கிவிட்டு வேலையில்லாமல் இருந்தேன். பென்னாகரம் பக்கம் அடிபம்புத் தண்ணீர் சேகரிக்கிற கணக்கெடுப்பில் தினக்கூலிக்குச் சேர்ந்தேன். அரை லிட்டர் பாட்டில் நாற்பது கொடுத்தார்கள். ஊர் பெயர், பம்பு எண், தேதி எழுதி ஒட்ட வேண்டும். 34 பாட்டில் ஒழுங்காகப் பிடித்தேன். மீதி ஆறும் மலையோரத்துச் சிற்றூர்கள். காலை பஸ்ஸை விட்டுவிட்டேன், நல்ல வெயில், நடந்தால் ஒரு பகல் போய்விடும். பஸ் நிற்கிற இடத்தில் புளியமரத்தடியில் ஒரு பம்பு இருந்தது. ஆறு பாட்டிலையும் அதிலேயே பிடித்தேன். திண்ணையில் உட்கார்ந்து, ஆறு ஊர் பெயரையும் கோணாமல் எழுதி ஒட்டினேன். குடத்தோடு காத்திருந்த அம்மா ஒருத்தி, "அத்தனையும் எங்கள் தண்ணீரா தம்பி?" என்று கேட்டார். "ஆமாம், நன்றாகச் சோதிக்கத்தான்" என்றேன்.

ஆறு ஊருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வந்தது. ஏனென்று யாரும் கேட்கவில்லை. அந்தப் புளியமரத்துப் பம்பில் ஃப்ளோரைடு குறைவு.

அந்த ஆறு ஊர்களில் உண்மையில் எவ்வளவு இருந்ததென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல்தான் வந்தது. பல்லில் கறை விழுவதெல்லாம் எட்டு வயதுக்குள் முடிந்துவிடும் என்று உன் முதல் அத்தியாயத்தில் நீயே எழுதியிருக்கிறாய். அதைப் படித்த அன்றைக்குத்தான் கணக்குப் போட்டேன். அந்த வருடம் பிறந்த பிள்ளைக்கு 2013இல் 19 வயது.

இதை எழுதிவிட்டு ஒரு தடவை வெளியே போய்க் காரைக் கழுவிவிட்டு வந்தேன்.

நீ என்ன செய்தாய் என்று நான் கேட்கவில்லை. பதில் எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் பருப்புப்பொடி பற்றி அம்மாவுக்கு ஒரு வரி அனுப்பு.

சித்தப்பா ஏப்ரல் 8ஆம் தேதி ஊரிலிருந்து வருகிறார். ஒருவேளை மறுபடி அளக்க வேண்டியிருந்தால் தண்ணீர் போதாதே என்று தாத்தாவிடம் இன்னும் மூன்று பாட்டில் கேட்டிருக்கிறேன். எந்தப் பம்பு, எந்தத் தேதி என்று சீட்டில் எழுதி ஒட்டச் சொன்னேன். "அதை நீ எனக்குச் சொல்லித் தருகிறாயா?" என்று கோபித்துக்கொண்டார். பிளாஸ்டிக் பாட்டில்தான், சொல்லிவிட்டேன்.

அப்பா