பச்சைக்கல்லின் பெயரைப் பில்லில் எழுதுங்கள்

தமிழ்நாட்டு நகைக்கடை உரிமையாளர்களுக்கும், ரத்தினக் கல் வணிகர்களுக்கும், அவர்களுடைய சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓர் அம்மா இரண்டு நகைகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு என்னிடம் வந்தார். ஒன்று தங்கத்தில் பதித்த பதக்கம். கண்ணாடி போலத் தெளிந்த இளம்பச்சைக் கல். மற்றொன்று கல்லிலேயே குடைந்த வளையல். அடர்ந்த பச்சை, வெயிலில் திருப்பினால் உள்ளே பொடிப்பொடியாக மின்னியது. பதக்கத்தின் பில்லில் 'பச்சை அமெதிஸ்ட்' என்றும், வளையலின் பில்லில் 'இந்திய ஜேட்' என்றும் எழுதியிருந்தது. கல்லூரியில் முப்பது ஆண்டுகள் நிலவியல் கற்பித்தவன் நான். கல்லைப் பார்த்துச் சொல்லும்படி யாராவது வருவது வழக்கம்தான்.

வளையலைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. தராசில் வைத்தேன்: 53 கிராம். நூலில் கட்டித் தண்ணீரில் அமிழ்த்தி நிறுத்தேன்: 33 கிராம். குறைந்த எடை 20. ஐம்பத்து மூன்றை இருபதால் வகுத்தால் 2.65. அதுதான் குவார்ட்ஸ் என்ற படிகக் கனிமத்தின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்ற கணக்கு. ஜேட் என்ற பெயருக்கு உரியவை இரண்டே கனிமங்கள். நெஃப்ரைட்டில் செய்திருந்தால் அதே அளவு வளையல் 59 கிராம் இருந்திருக்கும். ஜேடைட்டில் செய்திருந்தால் 66 கிராமைத் தொட்டிருக்கும். அந்த அம்மாவின் வளையல் அவெஞ்சுரின் என்ற மின்னும் குவார்ட்ஸ் வகை. பள்ளிக்கூடத்து ஆய்வகத்திலேயே செய்துவிடக்கூடிய இந்தச் சோதனையை உங்கள் கடையில் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல மாட்டீர்கள்.

பதக்கமும் குவார்ட்ஸ்தான். கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் ஒளிவிலகல் மானியில், குவார்ட்ஸுக்கு உரிய 1.544 முதல் 1.553 வரை காட்டியது. நான் சொல்லி முடித்ததும் அந்த அம்மா கேட்டார்: "அப்படியென்றால் இரண்டுமே போலியா சார்?"

இந்த மடலை எழுத வைத்தது அந்தக் கேள்விதான். இரண்டும் போலி அல்ல. இரண்டும் மண்ணில் விளைந்த கற்கள், அழகாகப் பட்டை தீட்டப்பட்டவை. பில்லில் இருந்த பெயர்கள் மட்டுமே அவற்றுக்கு உரியவை அல்ல. ஆனால் அதன் பிறகு அவர் அந்த நகைகளைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. இரவல் பெயரில் விற்றதால், நல்ல கல் ஒன்று வாங்கியவர் கண்ணில் போலியாகிவிட்டது. கல்லுக்கு இழைத்த இந்தத் தீங்கை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

முதலில் 'பச்சை அமெதிஸ்ட்'. அமெதிஸ்ட் என்பது ஊதா நிறக் குவார்ட்ஸ். உங்களில் பலர் இதற்கு ஒரு நியாயம் சொல்வீர்கள்: தோண்டி எடுத்தபோது அது அமெதிஸ்டாகத்தானே இருந்தது? உண்மைதான். பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் மொண்டெசூமா என்ற ஊரில் கிடைக்கும் அமெதிஸ்டைச் சுமார் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் ஊதா நிறம் மறைந்து பச்சை எழும். 1950களில் இதைக் கண்டுபிடித்தார்கள். எல்லா அமெதிஸ்டும் இப்படிப் பச்சையாகிவிடாது. அமெதிஸ்டின் ஊதாவுக்குக் காரணம் படிகத்துக்குள் இருக்கும் துளி இரும்பும், பல லட்சம் ஆண்டுகள் அதன்மேல் பட்ட இயற்கைக் கதிர்வீச்சும். சூடேறும்போது அந்த ஊதா கலைகிறது. பெரும்பாலான சுரங்கங்களின் கல் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறும். மிகச் சில இடங்களின் கல் மட்டுமே பச்சையாகும். சூடாக்காமல் இயற்கையிலேயே பச்சையாகக் கிடைப்பதும் உண்டு, ஆனால் அரிது. போலந்தின் கீழ் சைலீசியா அதற்குப் பெயர் பெற்ற இடம். இந்தக் கல்லின் பெயர் பிரசியோலைட்.

சூட்டில் மஞ்சளாகிவிட்ட அமெதிஸ்டை நீங்கள் என்ன பெயரில் விற்கிறீர்கள்? சிட்ரின் என்று. 'மஞ்சள் அமெதிஸ்ட்' என்று எழுதிய பில்லை நான் இதுவரை பார்த்ததில்லை. அமெதிஸ்ட், சிட்ரின், பிரசியோலைட் மூன்றும் ஒரே கனிமத்தின் நிறவகைகள். நிறம் மாறினால் பெயரும் மாறும் என்பது உங்கள் தொழிலே ஏற்றுக்கொண்ட விதி. மஞ்சளுக்குப் பொருந்துகிற விதி பச்சைக்கு ஏன் பொருந்தவில்லை? அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2018இல் திருத்தி வெளியிட்ட நகை வழிகாட்டுதல்களில், தவறான வகைப்பெயருக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. ஒன்று 'மஞ்சள் மரகதம்'. மற்றொன்று இதே 'பச்சை அமெதிஸ்ட்'.

பெயர் வாயில் நுழையாது, வாடிக்கையாளர் கேள்விப்பட்டதில்லை என்பது அடுத்த சமாதானம். டான்சனைட் என்ற பெயரை 1968க்கு முன்பு யார் கேள்விப்பட்டிருந்தார்கள்? ஜோய்சைட் என்ற கனிமத்தின் நீல வகைக்கு அமெரிக்க நகை நிறுவனமான டிஃபனி சூட்டிய பெயர் அது. இன்று உங்கள் கடைக்கு வருகிறவர்களே அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். அது புதுப் பெயர்தான், ஆனால் இன்னொரு கல்லின் பெயரைத் திருடவில்லை.

பிரசியோலைட் என்ற பெயரின் வேரில் இருப்பது 'பிரசோன்' என்ற கிரேக்கச் சொல். வெங்காய இனத்தைச் சேர்ந்த ஒரு கீரைத்தண்டை அது குறிக்கும். நம் வீட்டுச் சமையலறையில் சொல்வதானால் வெங்காயத்தாளின் பச்சை. பிரேஸ், கிரிசோபிரேஸ் என்ற பச்சைக் குவார்ட்ஸ் வகைகளின் பெயர்களுக்கும் அதுவே வேர். பிரேஸ் கல்லுக்குப் பச்சையைத் தருவது பெரும்பாலும் உள்ளே இழை இழையாகச் சிக்கிய ஆக்டினோலைட் என்ற பச்சைக் கனிமம். கிரிசோபிரேஸ் நுண்படிகக் குவார்ட்ஸ். நிறம் நிக்கலால் வருவது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மார்ல்பரோ அதற்குப் புகழ்பெற்ற ஊர். பச்சையில் சிவப்புப் புள்ளி தெளித்த ஹீலியோட்ரோப் நம் குஜராத்தின் கத்தியவாரிலேயே கிடைக்கிறது.

இந்தப் பெயர்களை எழுதும்போது தமிழ் விவிலியம் நினைவுக்கு வந்தது. வெளிப்படுத்தின விசேஷம் 21ஆம் அதிகாரத்தில் புதிய எருசலேமின் பன்னிரண்டு அஸ்திபாரக் கற்கள் வரிசையாக வரும். பத்தாவது கல் கிரேக்க மூலத்தில் கிரிசோபிரசோஸ். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது வைடூரியம். எட்டாவது, மரகதத்தின் இனமான பெரில். அதற்கு வைத்த சொல் 'படிகப்பச்சை'. இன்று வைடூரியம் என்று கேட்டால் நீங்கள் எடுத்துக் காட்டுவது பூனைக்கண் கல். அந்த மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். கையில் இருந்த சொற்களைக் கொண்டு அவர்கள் நேர்மையாக உழைத்தார்கள். நம்மிடம் தராசும் ஒளிவிலகல் மானியும் இருக்கின்றன.

அவெஞ்சுரினின் கதை இன்னும் சுவையானது. வெனிஸ் அருகே முரானோ தீவின் கண்ணாடித் தொழிலாளர்கள் உள்ளே செப்புத் துகள் மின்னும் ஒரு கண்ணாடியைச் செய்தார்கள். தற்செயலாக வந்தது என்ற பொருளில் அதற்கு அவெஞ்சுரின் என்று பெயர். அதைப் போலவே மின்னியதால் கல்லுக்கும் அந்தப் பெயரே வந்தது. பச்சை அவெஞ்சுரினில் நிறத்தையும் மினுமினுப்பையும் தருவது ஃபூக்சைட், அதாவது குரோமியம் கலந்த அபிரகம். கர்நாடகத்தில் வெட்டி எடுக்கிறார்கள். சொந்த மண்ணில் விளையும் இவ்வளவு நல்ல கல்லை இன்னொரு கல்லின் பெயரால் விற்கிறோம். மரகத லிங்கம், மரகதப் பிள்ளையார் என்று விளம்பரப்படுத்தப்படும் சிலைகளிலும் இதே கல்லை நான் பார்த்திருக்கிறேன். மரகதம் பெரில் இனம்; குவார்ட்ஸோடு அதற்கு உறவே இல்லை. பூசைக்கு வாங்குகிறவர் விலையை மட்டும் நம்பி வாங்குவதில்லை. அங்கே இந்தப் பொய் இன்னும் கனக்கிறது.

பெயரோடு, கல்லுக்கு என்ன செய்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். காமாக் கதிர் கொடுத்துப் பச்சையாக்கிய குவார்ட்ஸும் சந்தையில் உண்டு. அதன் நிறம் சூட்டிலும் கடும் வெயிலிலும் மங்கிவிடும். நிறமற்ற படிகத்தைச் சூடாக்கித் தண்ணீரில் போட்டு, விழுந்த விரிசல்களில் பச்சைச் சாயம் ஏற்றியதும் உண்டு. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் சாயம் விரிசலோடு ஓடியிருப்பது தெரியும். கிரிசோபிரேஸும் சூட்டில் வெளுக்கும். பில்லில் இவை இல்லையென்றால், பத்து ஆண்டு கழித்து நகையைப் பழுது பார்க்கும் பத்தர் எதை நம்பி அதன் அருகில் ஊதுகுழலைப் பிடிப்பார்?

தங்கத்துக்கு நீங்கள் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகை ஒவ்வொன்றிலும் ஆறு இலக்க அடையாளக் குறியீடு கட்டாயம். அந்த அம்மாவின் பதக்கத்திலும் அது தெளிவாக இருந்தது. அதே பதக்கத்தின் நடுவில் இருந்த கல்லுக்குத்தான் நேரான பெயர் இல்லை. விற்கும் பொருளைப் பொய்யாக வருணிக்கும் விளம்பரத்தை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்கிறது. ஆனாலும் நான் சட்டத்தைக் காட்டி மிரட்ட வரவில்லை, உங்களிடமே கேட்கிறேன்.

என் வேண்டுகோள் சிறியது. தெளிந்த பச்சைக் குவார்ட்ஸ் எதுவானாலும் பில்லில் முதலில் 'பச்சைப் படிகம்' என்று எழுதுங்கள். ஸ்படிக மாலை அணியும் நம் மக்களுக்குப் படிகம் அந்நியமான சொல் அல்ல. அது பிரசியோலைட் என்றால், அதன் அருகில் அந்த வகைப்பெயர். பிறகு வெப்பமூட்டியதா, கதிரூட்டியதா, சாயமேற்றியதா என்று ஒரு சொல். அவெஞ்சுரினையும் கிரிசோபிரேஸையும் அந்தந்தப் பெயராலேயே எழுதுங்கள். 'பச்சை அமெதிஸ்ட்', 'இந்திய ஜேட்' இரண்டையும் பெயர்ச்சீட்டுகளிலிருந்து எடுத்துவிடுங்கள். சங்கங்கள் உறுப்பினர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், அட்சய திருதியைக்கு அச்சடிக்கும் பில் புத்தகங்களிலேயே இதைத் தொடங்கிவிடலாம்.

அந்த அம்மாவின் பில்லின் பின்பக்கத்தில் நானே எழுதிக் கொடுத்தேன்: 'பச்சைப் படிகம், பிரசியோலைட், வெப்பமூட்டியதாக இருக்கலாம்.' அந்தக் கடைசிச் சொல்லை உறுதியாக எழுதும் இடத்தில், கல்லை வாங்கி விற்ற நீங்கள் இருக்கிறீர்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர் ஒருவர்