அப்பாவின் கல்லீரலுக்குப் பணம் திரட்டும் தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

அப்பாவுக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை, டோனர் (கல்லீரலில் ஒரு பகுதியைத் தருபவர்) நீங்கள்தான், மருத்துவமனை எஸ்டிமேட் 24 லட்சம், இன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் போட்டுவிடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு நாள் பொறுங்கள். 24 லட்சம் என்று கேட்டால் அது குறைவாகத்தான் இருக்கும். முதல் தடவை மனமுவந்து கொடுக்கிறவர்களிடம் மூன்று மாதம் கழித்து "மாத்திரைக்குப் பணம் இல்லை" என்று போய் நிற்பது உங்களுக்கும் கஷ்டம், அவர்களுக்கும் கஷ்டம்.

எஸ்டிமேட் தாளின் கீழ்ப் பாதியை முதலில் படியுங்கள். பேக்கேஜ், அதாவது மொத்தமாகப் பேசிய தொகை, என்பது நாள் கணக்கு. நோயாளிக்கு இத்தனை நாள், டோனருக்கு இத்தனை நாள் என்று இருக்கும். அதைத் தாண்டினால் தனி பில். அறுவைக்கு முந்தைய பரிசோதனைகள், கணக்குக்கு மேல் ஏற்றும் ரத்தமும் பிளாஸ்மாவும், நடுவில் டயாலிசிஸ் தேவைப்பட்டால் அது, கிருமித் தொற்று வந்தால் போடுகிற விலை கூடிய ஆன்டிபயாடிக், மறுபடி அட்மிட் ஆகிற செலவு எல்லாம் பெரும்பாலும் பேக்கேஜுக்கு வெளியேதான். அப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி-யால் கல்லீரல் கெட்டிருந்தால் இம்யூனோகுளோபுலின் ஊசி சேர்த்தியா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "இதில் எது எது இல்லை?" என்று டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டரிடம் (உறுப்பு மாற்று வேலைகளை ஒருங்கிணைக்கும் மருத்துவமனை ஊழியர்) கேட்டு எழுதி வாங்குங்கள். "எல்லாம் சேர்த்துத்தான் சார்" என்ற வாய்ப்பேச்சு பில்லிங் கவுன்டரில் செல்லாது.

அடுத்தது, யாரும் கணக்கில் சேர்க்காத அந்த முதல் வருஷம். புதுக் கல்லீரலை உடம்பு வேண்டாம் என்று தள்ளாமல் இருக்க டாக்ரோலிமஸ் மாத்திரை, பொதுவாக வாழ்நாள் முழுக்க. கூடவே முதல் மாதங்களில் மைக்கோபினோலேட், ஸ்டீராய்டு. வைரஸ் தொற்று வராமல் இருக்க வால்கான்சிக்ளோவிர் எழுதினால் அது இன்னும் விலை கூடியது. டாக்ரோலிமஸ் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று ஆரம்பத்தில் அடிக்கடி பார்ப்பார்கள். அந்த ரத்தத்தைக் காலை மாத்திரை போடுவதற்கு முன்னால் கொடுக்க வேண்டும். வீட்டில் போட்டுவிட்டு லேபுக்குப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும். டெஸ்ட் பணம் வீண், மறுநாள் மறுபடி போக வேண்டும். விலை குறைவு என்று மருந்துக்கடையில் வேறு கம்பெனி டாக்ரோலிமஸ் கொடுத்தால் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். பம்பளிமாஸ் பழமும் இந்த மருந்தின் அளவை ஏற்றிவிடும், வீட்டில் சொல்லி வையுங்கள்.

மருத்துவமனை பக்கத்திலேயே ஏறக்குறைய மூன்று மாதம் தங்கச் சொல்வார்கள். தனிக் கழிப்பறை உள்ள அறை, சமையல் வசதி, கூட ஒரு ஆள். மாதத்துக்கு மருந்து 12,000, டெஸ்ட் 5,000, வாடகை 10,000 என்று ஒரு பேச்சுக்கு வைத்தாலும் மூன்று மாதத்தில் 81,000 ரூபாய். டோனரான உங்களுக்கும் இரண்டு மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது என்பார்கள். அந்தச் சம்பளம் வராமல் போவதும் செலவுதான், வெட்கப்படாமல் எழுதுங்கள். நோட்டில் மூன்று பக்கம் போடுங்கள்: ஆபரேஷனுக்கு முன், ஆஸ்பத்திரிக்குள், வீட்டுக்கு வந்த பிறகு. மூன்றும் சேர்ந்துதான் நீங்கள் கேட்க வேண்டிய தொகை.

ஆனால் ஊரிடம் கேட்கும் முன் அரசிடம் கேளுங்கள். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் என்ற வரம்பை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். உறுப்பு மாற்றுக்குத் தொகுப்பு நிதியிலிருந்து தனியாக உதவி உண்டு. அறுவைக்குப் பிந்தைய மருந்துக்கும் திட்டத்தில் இடம் இருக்கிறது; அப்பாவுக்கு எத்தனை மாதம் கிடைக்கும் என்று கேளுங்கள். இலவச உதவி எண் 1800 425 3993. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஒன்றில் முனியசாமி, இன்னொன்றில் முனுசாமி என்று இருந்தால் ஃபைல் அங்கேயே நிற்கும். அனுமதி ஆபரேஷனுக்கு முன்பே வர வேண்டும். முடிந்த பிறகு பில்லைக் காட்டிக் கேட்க முடியாது. சென்னையில் ஸ்டான்லியிலும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் கல்லீரல் மாற்று செய்கிறார்கள். தனியாரில் அட்வான்ஸ் கட்டும் முன் அங்கே ஒரு கருத்துக் கேட்டுவிடுங்கள்.

உங்கள் கம்பெனி இன்சூரன்ஸில் அப்பா இருந்தால் அறை வாடகை வரம்பைப் பாருங்கள். 5,000 ரூபாய் வரம்புக்கு 10,000 ரூபாய் அறை எடுத்தால், பல பாலிசிகளில் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் வரைக்கும் பாதியாக வெட்டுவார்கள். டோனர் செலவில் எதுவரை தருவார்கள் என்பதும் தனிக் கேள்வி. ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் உங்களை நம்பி இருக்கும் பெற்றோருக்கும் அது உண்டு. பிரதமர் தேசிய நிவாரண நிதி, தன் பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் பணம் அனுப்பும். மனு போய் வர நாளாகும், முதலிலேயே போடுங்கள். எல்லா ஒரிஜினல் பில்லும் இன்சூரன்ஸுக்குப் போய்விடும். அதற்கு முன் கலர் ஜெராக்ஸ் இரண்டு செட்.

இனி வேண்டுகோள். நோய் என்ன, எந்த மருத்துவமனை, எஸ்டிமேட் தேதி, நகைக்கடனும் பி.எஃப்.பும் சேர்த்து நீங்கள் புரட்டியது எவ்வளவு, திட்டத்தில் வந்தது எவ்வளவு, குறைவது எவ்வளவு. பத்து வரி போதும். நீங்கள் போட்ட பணத்தைச் சொல்லாவிட்டால் படிக்கிறவருக்கு முதலில் அதுதான் சந்தேகம். எஸ்டிமேட் படத்தில் ஆதார் எண்ணையும் வீட்டு முகவரியையும் மறையுங்கள். குழாய் சொருகிய அப்பாவின் படம் வேண்டாம். அவர் சம்மதித்த, சட்டை போட்ட படம் போதும். உங்கள் போஸ்டரை எடுத்து கியூஆர் கோடை மட்டும் மாற்றி ஒட்டுகிற திருடர்கள் உண்டு. அதனால் கணக்கில் வரும் பெயரை எழுத்தில் போட்டு, "இந்தப் பெயர் வந்தால் மட்டும் அனுப்புங்கள்" என்று சொல்லுங்கள்.

அப்பாவின் பென்ஷன் கணக்கில் இந்தப் பணத்தை வாங்காதீர்கள். முன்பின் தெரியாத பலரிடமிருந்து வரும்போது, அதில் ஒன்று ஏதாவது மோசடியில் கைமாறிய பணமாக இருந்தால் சைபர் கிரைம் புகாரில் கணக்கே முடக்கப்படலாம். தனிக் கணக்கு திறந்து, வர வர மருத்துவமனைக்குக் கட்டிவிடுங்கள். மருத்துவமனைக்கு யுபிஐயில் ஒரே தடவையில் 5 லட்சம் வரை கட்டலாம். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் உங்கள் கணக்கில் வந்தால் வருமான வரிக் கேள்வி எழும். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நிதி திரட்டும் இணையதளம் வழியாகப் போனால் கட்டணம், விளம்பரத்துக்கு அவர்கள் எடுக்கும் பங்கு, அதன்மேல் ஜிஎஸ்டி என்று மூன்றையும் கேளுங்கள். மருத்துவமனைக்கு மட்டும்தான் பணம் தருவோம் என்றால் அறை வாடகையும் மாத்திரையும் எதிலிருந்து வரும் என்றும் கேளுங்கள்.

வருவதை மொய் நோட்டு மாதிரி எழுதி வையுங்கள்: பெயர், ஊர், தொகை, தேதி. கூடவே இன்னொன்று, உதவியா கைமாத்தா? "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மாமா கொடுக்கும் இரண்டு லட்சத்தில்தான் பின்னால் மனஸ்தாபம் வருகிறது. கொடுக்கிற அன்றே கேட்டு வேறு பக்கத்தில் எழுதுங்கள். பணம் மிஞ்சினாலோ ஆபரேஷன் நடக்காமல் போனாலோ என்ன செய்வீர்கள் என்பதை வேண்டுகோளிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் கல்லீரல் பொருந்தவில்லை என்று ரிப்போர்ட் வந்தால், "டோனர் தேவை, தக்க சன்மானம்" என்று யாராவது எழுதித் தருவார்கள். அதைப் பகிராதீர்கள். உறுப்புக்குப் பணம் தருவதும், அதற்கு விளம்பரம் செய்வதும் 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி குற்றம். 5 முதல் 10 வருஷம் சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம். நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களின் கடனைக் காட்டி புரோக்கர்கள் கிட்னி எடுத்தது 2025-ல்தான் வெளியே வந்தது. நேர் வழி, மருத்துவமனை மூலம் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் காத்திருப்போர் பட்டியலில் பதிவது. அங்கிருந்து அழைப்பு நடுராத்திரியிலும் வரும், சில மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும். அட்வான்ஸ் தொகை டெபாசிட்டிலோ சீட்டிலோ முடங்கிக் கிடக்கக் கூடாது.

நீங்களே டோனர் என்றால் இதையும் செய்துவிடுங்கள். கணக்கு உங்கள் பெயரில், ஓடிபி வருவது உங்கள் போனுக்கு. ஆபரேஷன் அன்று அப்பா ஒரு தியேட்டரில், நீங்கள் பக்கத்துத் தியேட்டரில். அந்த நேரத்தில் ரத்தத்துக்கோ மருந்துக்கோ உடனே 80,000 கட்டச் சொன்னால் அம்மா யாரைக் கேட்பார்? கணக்கைத் தங்கையோடு சேர்த்துக் கூட்டுக் கணக்காகத் திறங்கள். யாராவது ஒருவர் கையெழுத்துப் போதும் என்று வங்கியில் எழுதிக் கொடுங்கள். தங்கை போனில் யுபிஐ போட்டு, முதல் நாளே பத்து ரூபாய் அனுப்பிப் பாருங்கள். மொய் நோட்டையும் அவர் கையில் கொடுத்துவிட்டுத் தியேட்டருக்குள் போங்கள்.

அன்புடன்.