கருந்துளைக்கு மின்னூட்டம் தருகிறோம், துகளுக்கு ஏன் தருவதில்லை?

பொதுச் சார்பியலில் முனைவர் பட்ட மாணவர்களுக்கு வழிகாட்டும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். கருந்துளைக்கு அருகே துகள்கள் மோதுவது பற்றி மதிப்பீட்டுக்கு வரும் ஆய்வேடுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. இரண்டாம் அத்தியாயத்தில் சுழலும் மின்னூட்டக் கருந்துளை, அதாவது கெர்-நியூமன். மூன்றாவதில் அதோடு பிரபஞ்ச மாறிலி. நான்காவதில் சமன்பாட்டில் இன்னும் ஓர் எழுத்து கூடுகிறது. எல்லாவற்றிலும் துகளின் பாதையைத் தரும் ஜியோடெசிக் சமன்பாடு, அது எதுவரை போகலாம் என்று காட்டும் எஃபெக்டிவ் பொடென்ஷியல், முடிவில் ஒளியும் திரும்பி வர முடியாத நிகழ்வு எல்லையை நெருங்கும்போது செங்குத்தாக மேலே ஏறும் ஆற்றல் வளைகோடு. கணக்கு சரிதான். என் குறை வேறு.

இந்த அலை 2009-இல் பன்யாடோஸ், சில்க், வெஸ்ட் மூவரும் எழுதிய கட்டுரையில் தொடங்கியது. உச்சச் சுழற்சியில் இருக்கும் கெர் கருந்துளைக்குள், அதாவது மின்னூட்டமின்றிச் சுழலும் கருந்துளைக்குள், இரண்டு துகள்கள் விழுகின்றன. அவற்றில் ஒன்றின் கோண உந்தம் மட்டும் மிகச் சரியாக மாறுநிலை மதிப்பில் இருக்கிறது. அப்போது நிகழ்வு எல்லையில் மோதலின் நிறைமைய ஆற்றலுக்கு, அதாவது மோதலுக்குக் கிடைக்கும் மொத்த ஆற்றலுக்கு, வரம்பே இல்லை. அடுத்த ஆண்டே கெர்-நியூமனுக்கும் இதைப் போட்டுப் பார்த்தார்கள். மின்னூட்டமற்ற துகள்களுக்கு அங்கே கூடுதல் நிபந்தனை ஒன்று முளைத்தது: கருந்துளை உச்சநிலையில் (சுழற்சியும் மின்னூட்டமும் சேர்ந்து அது தாங்கக்கூடிய எல்லையில்) இருந்தால் மட்டும் போதாது, சுழற்சி நிறையின் 0.577 பங்குக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். நல்ல முடிவு, ரசிக்கத்தக்கது.

ஆனால் "உச்சநிலை" என்று ஒரே சொல்லில் தாண்டிப் போகிறோமே, அதன் விலை என்ன? தன்னைச் சுற்றும் வாயு வட்டிலிருந்து பொருளை விழுங்கி வளரும் கருந்துளையின் சுழற்சி உச்சத்தின் 0.998 பங்கைத் தாண்டாது என்று இயற்பியலாளர் கிப் தோர்ன் 1974-லேயே கணக்கிட்டார். வட்டு உமிழும் ஒளியில் கருந்துளை விழுங்கும் பங்கே அதன் சுழற்சிக்குக் கடிவாளம் போட்டுவிடுகிறது. 2010-இல் ஜேக்கப்சனும் சோட்டிரியுவும் தந்த சூத்திரத்தில் அந்த 0.998-ஐப் போட்டுப் பாருங்கள். ஓய்விலிருந்து விழும் இரண்டு புரோட்டான்களின் மோதல் ஆற்றல், ஒரு புரோட்டானின் நிறையாற்றலைப் போல ஏறக்குறைய 20 மடங்குதான் வரும். சுமார் 18 ஜிகா எலக்ட்ரான் வோல்ட். ஜெனீவாவின் எல்.எச்.சி. துகள் முடுக்கி 2022-இல் புரோட்டான்களை 13.6 டெரா எலக்ட்ரான் வோல்ட்டில் மோதவிடத் தொடங்கியது. எழுநூறு மடங்குக்கும் மேல். எல்.எச்.சி.யை எட்டிப் பிடிக்கவே கருந்துளையின் சுழற்சி 0.99999999999999 என்று பதினான்கு ஒன்பதுகள் வரை போக வேண்டும். முன்னுரையில் "இயற்கையின் மாபெரும் துகள் முடுக்கி" என்று எழுதும் மாணவரிடம் இந்த ஒரு கணக்கைக் கேளுங்கள். அரை மணி நேர வேலை.

சுழற்சியைவிட என்னை உறுத்துவது மின்னூட்டம். காலவெளியின் வடிவத்தைச் சொல்லும் மெட்ரிக்கில், கருந்துளையின் மின்னூட்டமான க்யூவை உச்சத்தின் 0.3, 0.6, 0.8 பங்கு என்று மாற்றி மாற்றி வரைபடம் போடுகிறார்கள். சூரிய நிறையுள்ள கருந்துளைக்கு உச்ச மின்னூட்டம் ஏறக்குறைய 1.7 × 10²⁰ கூலும். அதே கருந்துளை வெறும் 150 கூலும் நேர் மின்னூட்டம் வைத்திருந்தாலே தொலைவில் நிற்கும் புரோட்டானின் மீது மின்விலக்கு ஈர்ப்பைச் சமன்செய்துவிடும். அதற்கு மேல் புரோட்டான் விலகி ஓடும், எலக்ட்ரான் பாய்ந்து வரும், மின்னூட்டம் கரையும். சுற்றிலும் மின்னூட்டத் துகள்கள் நிறைந்த பிளாஸ்மா இருக்கும்போது உச்சத்தின் 0.6 பங்கு எங்கே, 150 கூலும் என்ற 10⁻¹⁸ பங்கு எங்கே?

அதற்காக க்யூவைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கதையே அங்கேதான் இருக்கிறது. 10⁻¹⁸ அளவு மின்னூட்டம் காலவெளியை வளைக்காது. மெட்ரிக் அப்படியே கெர்தான். ஆனால் அதே அலகில் புரோட்டானின் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதம் 10¹⁸, எலக்ட்ரானுக்கு 2 × 10²¹. இரண்டையும் பெருக்கினால் ஈர்ப்புக்கு இணையான, அதை மிஞ்சும் விசை கிடைக்கிறது. ஆக, நம் ஆய்வேடுகள் தலைகீழாக நிற்கின்றன: எங்கே மின்னூட்டம் பொருட்டில்லையோ அந்த மெட்ரிக்கில் அதை வாரி இறைக்கிறோம், எங்கே அதுவே எல்லாமோ அந்தத் துகளைச் சுழியாக்கி அனுப்புகிறோம்.

சிறு மின்னூட்டம் எங்கிருந்து வரும் என்பதற்கும் விடை இருக்கிறது. காந்தப் புலத்துக்குள் சுழலும் கருந்துளை தானாகவே மின்னூட்டம் ஈர்க்கும் என்று ராபர்ட் வால்ட் 1974-இல் காட்டினார். எம்87 விண்மீன் மண்டலத்தின் கருந்துளை அருகே காந்தப் புலம் 1 முதல் 30 காஸ் (புல வலிமையின் அலகு) வரை இருக்கும் என்பது ஈவென்ட் ஹொரைசன் தொலைநோக்கிக் குழு 2021-இல் வெளியிட்ட மதிப்பீடு. இந்தப் புலத்தின் துணையோடு கருந்துளையின் சுழற்சி ஆற்றலைத் துகள்கள் வெளியே கொண்டுவரும் வழியை 1985-இல் வாக், துரந்தர், ததீச் எழுதினார்கள். இதே ஆற்றலை எடுக்க பென்ரோஸ் முதலில் சொன்ன வழியில், ஒரு துகள் உடைந்து ஒரு துண்டு உள்ளே விழும், மற்றது ஆற்றலோடு வெளியேறும்; அதற்கு அந்தத் துண்டுகள் ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல் பிரிந்தாக வேண்டும்; மின்விசை இருந்தால் அந்த முட்டுக்கட்டை இல்லை. நம் நாட்டில் விளைந்த இந்த வேலை, நம் மாணவர்களின் முன்னுரையில் பெரும்பாலும் ஒரு வரியோடு கடந்துபோகிறது. எனக்கு இது ஆறாத வருத்தம்.

இன்னொன்று: மோதலில் பிறந்தது வெளியே வருமா? நிறைமைய ஆற்றல் எவ்வளவு ஏறினாலும் தொலைவில் இருப்பவருக்கு வந்து சேர்வது சொற்பம். மின்னூட்டமற்ற துகள்கள் விழுந்து மோதினால் உள்ளே போனதைப் போல 1.3 மடங்கு என்றது 2012-இல் வந்த ஒரு கணக்கு. துகள்களில் ஒன்று திரும்பி வெளியேறும் பாதையில் இருந்தால் 14 மடங்கு வரை என்று ஷ்னிட்மன் 2014-இல் காட்டினார். வரம்பற்ற வளைகோட்டுக்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் அச்சிடச் சொல்லுங்கள்.

"மாணவருக்குப் பேப்பர் வேண்டுமே" என்பீர்கள். மறுக்கவில்லை. கெர் மெட்ரிக், வால்டின் புலம், மின்னூட்டமுள்ள இரண்டு துகள்கள், 0.998. நடுவரைத் தளத்தை விட்டு விலகினால் பாதை குழம்பும், எண்முறையில் பொறுமை வேண்டும், ஆறு மாதம் கூடப் பிடிக்கலாம். அடுத்து சேரும் மாணவருக்கு இதைக் கொடுங்கள். எனக்கு வரும் அடுத்த ஆய்வேட்டில் முதல் அட்டவணை கூலுமிலும் காஸிலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஆய்வேடுகளைத் திருத்தும் ஒருவர்