மருந்து தெளிக்கும் ட்ரோன் விழுந்த விபத்துத் தொடர்பான கோரிக்கை மனு

பெறுநர்:
மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம், நுவரெலியா.

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற மாதம் எமது தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலையில் (தேயிலைப் பகுதியில்), தேயிலையின் கொப்புள நோய்க்குச் செம்பு மருந்து தெளித்துக்கொண்டிருந்த ட்ரோன் ஒன்று மோட்டார் நின்று விழுந்தது. அதில் பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண் தொழிலாளி ஒருவரின் இடது முன்கை முறிந்ததையும், தாங்கியில் மீதமிருந்த மருந்து எமது லயங்களின் (வரிசை வீடுகளின்) பீலிக்கு, அதாவது நாம் தண்ணீர் பிடிக்கும் குழாய்க்கு, தண்ணீர் வரும் ஓடைக்குள் வடிந்ததையும் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகின்றோம்.

இயந்திரத்தைக் கொண்டுவந்த ஒப்பந்த நிறுவனம், திடீர்க் காற்றே விபத்துக்குக் காரணம் எனத் தோட்ட நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருப்பதாக அறிகின்றோம். அன்று காலை எட்டரை மணிக்கு லயத்து அடுப்புப் புகை கலையாமல் நேரே மேலெழுந்துகொண்டிருந்தது. சவுக்கு மரக் கிளை எதிலும் ட்ரோன் மோதவுமில்லை. விழுந்த இடத்தில் அதை இயக்கியவரே நான்கு விசிறிகளையும் ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிப் பார்த்தார். மூன்று தடையின்றிச் சுழன்றன, நான்காவது கரகரத்து இறுகி நின்றது. அந்த மோட்டாரின் பெயாரிங் துருப்பிடித்திருந்ததையும், சுற்றிலும் மருந்து நீலப்பச்சைப் பொருக்காகக் கட்டியிருந்ததையும் அங்கு ஓடிச்சென்ற பலரும் கண்டார்கள். விபத்துக்கு ஒரு கிழமை முன்பிருந்தே அந்தப் பக்கத்திலிருந்து கீச்சென்ற சத்தம் வந்துகொண்டிருந்தது. அதைச் சொன்னபோது, உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வர வேண்டும், அதுவரை ஓடும் என்ற பதிலே கிடைத்தது.

தெளிக்கும் மருந்து மோட்டாரின் மேலும் படிந்து உலோகத்தை அரிக்கும் என்பதால், ஒவ்வொரு நாளும் வேலை முடிந்தபின் மோட்டார்களையும் விசிறிகளையும் துடைத்துச் சோதிக்க வேண்டும். இங்கே தாங்கி மட்டுமே அலசப்பட்டது, அதுவும் ஓடைக்கரையில். நான்கு விசிறிகள் மட்டுமே உள்ள இயந்திரத்தில் ஒரு மோட்டார் நின்றாலே சமநிலை குலைந்துவிடும் என்பதை அதை வாடகைக்கு விடுவோர் அறியாதவர்களல்லர். ஆள் ஏறிப் பறக்கும் விமானமாயின் அதன் இயந்திரத்துக்கென்று தனிப் பதிவேடு இருக்கும். எமது தலைக்கு மேல் பறந்த இதற்கு ஒரு கொப்பிகூட இருக்கவில்லை.

நாம் இயந்திரத்துக்கு எதிரானவர்கள் அல்லர். 16 லீற்றர் மருந்துக் கேனை முதுகில் சுமந்து வழுக்கும் சரிவில் ஏறி இறங்கிய எமது ஆண்களுக்கு அது பெரும் ஆறுதலாகவே இருந்தது. ஆனால் பராமரிப்புச் செலவை மிச்சம்பிடித்து அதன் ஆபத்தைக் கீழே நிற்பவர்மேல் போடுவதை நாம் ஏற்க முடியாது.

ஆகவே, சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் தகுதிவாய்ந்த அலுவலர் ஒருவர் பரிசோதித்து அனுமதிக்கும் வரை எமது தோட்டத்தில் ட்ரோன் பறப்பதை நிறுத்திவைக்குமாறும், பின்னர் பறக்க அனுமதிப்பதாயின் மோட்டார்களின் பராமரிப்புப் பதிவேடு தமிழிலும் சிங்களத்திலும் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்தில் எவரும் பார்க்கத்தக்கவாறு வைக்கப்பட வேண்டும் என்றும், ஆட்கள் கொழுந்தெடுக்கும் மலைக்கும் நீரூற்றுகளுக்கும் அருகே பறக்கக் கூடாதென்றும் பணிக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். ஓடை நீரைப் பரிசோதித்து முடிவைத் தெரியப்படுத்தவும், அதுவரை பவுசரில் குடிநீர் வழங்கவும் வேண்டும். காயமடைந்தவர் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவருக்குரியது கிடைக்கத் தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்குமாறும் வேண்டுகின்றோம்.

உடைந்த ட்ரோன் இன்னமும் தோட்டக் களஞ்சிய அறையில்தான் கிடக்கிறது. நிறுவனம் அதை எடுத்துச் சென்று மோட்டாரை மாற்றிவிட்டால் பரிசோதிக்க எதுவும் மிஞ்சாது என்பதால், மற்றக் கோரிக்கைகள் பரிசீலனையில் இருக்கும்போதே அதனைப் பொலிஸார் மூலம் உடனடியாகப் பொறுப்பேற்க ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகின்றோம். அன்று எடுத்த புகைப்படங்களும் வைத்தியசாலை அட்டையின் பிரதியும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இங்ஙனம்,
மேற்பிரிவுத் தோட்டக் குடியிருப்பாளர்கள்,
தலவாக்கலை.