காவலூர் வானம் நம் பிள்ளைகளுக்கும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

1977-இல் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, அதன் வளையங்களுக்கான சான்று பதிவான இடங்களுள் நம் ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகமும் ஒன்று. 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அங்கே இயங்குகிறது. ஆனால் மலையடிவாரத்துப் பிள்ளைகளில் பலர் நிலவைக்கூடத் தொலைநோக்கியில் பார்த்ததில்லை. எனக்கு இது தாங்க முடியாத வருத்தம்.

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளன்று எங்கள் பகுதிக் கல்லூரி அரங்கில் ஆங்கிலச் சொற்பொழிவு நடக்கிறது. ஊர் மக்களுக்கு அழைப்பு இல்லை. சிறிய தொலைநோக்கி ஒன்று போதும். வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் சனியின் வளையமும் தெரியும். பல்கலைக்கழக ஆய்வு மாணவர்கள் அதை அணைக்கட்டு, ஒடுகத்தூர் ஆகிய ஊர்களின் பள்ளி மைதானங்களுக்கு மாலையில் எடுத்து வந்து தமிழில் விளக்கட்டும். கழனி வேலை முடித்து வரும் தாய்மாரும் பார்ப்பார்கள்.

இன்னொன்று. பாலாற்றுப் பகுதியில் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டதை ஆய்வாளர்கள் ஆராய்கிறார்கள், நல்ல பணி. எங்கள் கிணற்றிலும் மாதிரி எடுத்தார்கள். முடிவை இன்றுவரை எங்களிடம் சொல்லவில்லை. அதை ஊர்ப் பொதுவில், கிராம சபையிலேயே வாசித்துக் காட்டலாமே?

- ஓய்வு பெற்ற ஆசிரியை, வேலூர் மாவட்டம்